நின்றபடி எடுத்த அளவு

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் நதீராவைத் தையல் இயந்திரத்தின் முன்னே அமர்ந்தபடி விட்டு வந்தோம். அவளுடைய மடியில் கருநீலத் துணி கிடந்தது. இயந்திரப் பலகையின் மீது தொலைபேசி கிடந்தது. கட்டாரிலிருந்து கணவன் ஸஜாத் அனுப்பிய குரற்செய்தி ஒன்று அதில் பாதி கேட்கப்பட்ட நிலையில் நின்றிருந்தது.

கேட்ட பாதியில் அவன் கூறியது இவ்வளவே: "மகள், ஒட்டின உடுப்போ லூசான உடுப்போ, சைக்கிள் ஓடுற ஆள் நீ. எது நல்லமெண்டு ஒனக்குப் படுதோ, அத உடு."

அந்த இடத்தில் நதீரா விரலை வைத்து நிறுத்தினாள். அது வியாழக்கிழமை.

வியாழன்தோறும் ஸஜாத் குரற்செய்தி அனுப்புவான். அதை ஒருவர் தனியே கேட்பது அவ்வீட்டில் வழக்கமன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பின்னர், சோற்றுத் தட்டுகளின் நடுவே தண்ணீர் ஜக்கில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துத் தாயும் பெண்மக்கள் இருவரும் ஒன்றாகக் கேட்பார்கள். ஏழு ஆண்டுகளாக அவன் அக்குடும்பத்தோடு உணவருந்திய முறை அதுவே. இந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஜக் தனியே நின்றது. வேலைத்தலத்தில் தொடர்பு கிடைக்கவில்லை போலும் என்று நதீரா கூறினாள். இளையவள் அஸ்னா பிசைந்த சோற்றை நெடுநேரம் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தந்தையிடம் கேட்டவள் அவள்தான். புதன்கிழமை தாயின் தொலைபேசியை வாங்கி, "வாப்பா, எத உடுக்கட்டும்?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்கென்று தனியாகத் தொலைபேசி இல்லை.

கேள்வி சிறியது, அது சுமந்து நின்ற காரியம் சிறியதன்று. சனிக்கிழமை மாகாணச் சைக்கிள் ஓட்டத் தெரிவுப் போட்டி. முதல் இரண்டு இடங்களைப் பெறுவோரைத் தேசியப் பயிற்சி முகாமுக்கு அழைத்துக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு அஸ்னாவுக்கு வயது கடந்துவிடும். நான்கு ஆண்டுகளாகப் பாங்கொலிக்குப் பின் எழுந்து, பாடசாலைக்கு முன் இருபது கிலோமீற்றர் ஓடி வந்த பிள்ளைக்கு இஃது ஒன்றே வாய்ப்பு.

உடை பற்றிப் போட்டி விதி ஒன்றையும் வற்புறுத்தவில்லை. ஒட்டியதும் ஆகலாம், தளர்ந்ததும் ஆகலாம். பயிற்றுநர் கிருசிகா, பெரியநீலாவணையைச் சேர்ந்தவர், எங்கேயோ தேடி மணிக்கட்டிலிருந்து கணுக்கால்வரை நீண்ட 'ஸ்கின் சூட்' ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருந்தார். தலைத்துணியோடு அணிந்தால் முகமும் கைகளுமன்றி வேறெதுவும் வெளியே தெரியாது. ஆனால் அஃது உடலை மூடியதேயன்றி உருவத்தை மறைக்கவில்லை. நதீராவின் கண்ணில் அவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள்.

அதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மூத்தவள் றுமானாவுக்கு இம்மாத இறுதியில் நிக்காஹ். பத்து நாள்களின் முன்னர் மாப்பிள்ளையின் தாய் நஸ்லா கலியாண நாள்பற்றிக் கதைக்க வந்திருந்தபோது, அந்த உடை கழுவிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நஸ்லா அதைப் பார்த்தாள். பிறகு கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையற்காரரைப் பற்றிக் கதைத்தாள். வேறெதுவும் கூறவில்லை. கூறாத அந்த வார்த்தையை நதீரா அன்றிரவே தனக்குள் எழுதி முடித்துவிட்டாள்.

கருநீலத் துணி வாங்கினாள். தளர்ந்த காற்சட்டையின்மேல் அணிவதற்காக, முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் மேற்சட்டை ஒன்றைத் தளர்வாக வெட்டினாள்.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம்.

*

சுபஹு தொழுகை முடிந்ததும் அஸ்னா அறைக்குள் வந்தாள். கட்டிலின்மேல் இரண்டு உடைகளும் கிடந்தன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியதாய் மடிந்திருந்தது. மற்றையது பாதிக் கட்டிலைப் பிடித்திருந்தது.

"வாப்பா இன்னும் ஒண்டும் அனுப்பல்லையா உம்மா?"

"இல்ல மகள்."

"ஒரு வியாழக்கிழமையும் அவர் விட்டதில்லையே."

"நேரமாகுது. கையத் தூக்கு."

அஸ்னா கைகளைத் தூக்கினாள். சட்டை தலைவழியே இறங்கியது. நதீரா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தோள் சரியாக நின்றது. விளிம்பு நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டத்தில் நின்றது. நின்றுகொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான சட்டையை மருதமுனையில் எவரும் தைத்திருக்க முடியாது.

கதவோரம் சாய்ந்திருந்த றுமானா, இதைப் போட்டுக்கொண்டு போனால் சைக்கிளே தேவையில்லை, கச்சான் காற்றே தங்கையைக் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றாள். றாத்தாவின் கலியாணத்துக்கு இதை விரித்துப் பந்தலும் போடலாம் என்று அஸ்னா திருப்பிக் கூறினாள். மூவரும் சிரித்தார்கள். அந்த நாளில் அவ்வீட்டார் சிரித்தது அவ்வளவே.

சிரிப்பு அடங்கியதும் அஸ்னா மடிந்திருந்த உடையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். கோபப்பட்டு எறிந்திருந்தால் நதீராவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அதன் மடிப்பைக் கைகளால் நீவி, தன்னுடைய பாடசாலைச் சீருடையின்மேல் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"வாப்பா போடச் சொல்லியிருந்தா போட்டிருப்பன்," என்றாள். "சொல்லல்லத்தானே. போவம்."

*

போட்டி மருதமுனைப் பிரதான வீதியில் தொடங்கி, ஒலுவில் சந்தியில் திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே முடிய வேண்டும். நாற்பது கிலோமீற்றர். ஆறு மணிக்கே வீதியோரம் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். கச்சான் வழக்கமாக வெயில் ஏறிய பின்னரே எழும்பும். அன்று முந்தியே எழுந்து, வயற்பக்கமிருந்து வீதியைக் குறுக்கே வெட்டி வீசிக்கொண்டிருந்தது.

அஸ்னாவைக் கண்டதும் கிருசிகாவின் முகம் வாடியது. ஆனால் பிள்ளையின் முன்னே எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நதீராவை ஒருபுறமாக அழைத்தார்.

"அக்கா, நான் போன்ல சொன்னன்தானே. லூசாத் தைக்கிறதெண்டாலும் தைங்க, பிள்ளைய சைக்கிள்ள குந்த வச்சி அளவெடுங்க எண்டு."

"இருபது வருசமாத் தைக்கன் மிஸ். ஆளப் பார்த்தா எனக்கு அளவு தெரியும்."

பெருமையினால் கூறியதன்று அது. அபாயாவும் சல்வாரும் கலியாணச் சட்டையும் தைப்பவளிடம் வருகிற பெண்கள் நிமிர்ந்து நிற்பார்கள். அவள் நாடாவைப் பிடிப்பாள். குனிந்து, முதுகை வளைத்து, முழங்காலை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவரும் உடலுக்கு அவள் ஒருநாளும் அளவெடுத்ததில்லை. கிருசிகா முன்னர் கூறியபோதும், ஒட்டிய உடைக்குத் தன்னை இணங்கச் செய்வதற்கான கதை என்றே அதை எண்ணியிருந்தாள்.

கிருசிகா அஸ்னாவைச் சைக்கிளில் ஏறி அமரச் சொன்னார். அவள் அமர்ந்து குனிந்ததும் அந்தச் சட்டை வேறொரு சட்டையாகிவிட்டது. முன்புறம் பை போலத் தொங்கியது. பின்விளிம்பு ஆசனத்தின் இருபுறமும் சரிந்து காற்றில் அடித்தது. நதீரா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் தொழிலில் தான் செய்த பிழையை ஒருவர் முதன்முதலாகப் பார்க்கும்போது முகத்தில் வருகின்ற வெறுமை அவளுடைய முகத்திலும் வந்தது. பின்னர், தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வருவதாகக் கூறி அங்கிருந்து நகர்ந்தாள்.

அவள் போன பிறகு கிருசிகா தம் கைப்பையிலிருந்து சட்டைப்பின்கள் இரண்டை எடுத்தார். மேற்சட்டையின் பின்புறத்தை இழுத்துச் சுருக்கி, இடுப்பின் இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குத்தினார். எழும்பி மிதிக்கும்போது விளிம்பு ஆசனத்தின் நுனியில் மாட்டினால் ஆள் விழுந்துவிடும், ஆகவே இவற்றைக் கழற்றவேண்டாம் என்று அஸ்னாவிடம் கூறினார். கூறிவிட்டு மோட்டார் சைக்கிளில் பின்தொடர்வதற்காகத் தலைக்கவசம் தேடிப் போனார்.

போத்தலோடு திரும்பி வந்த நதீரா அந்த எச்சரிக்கையைக் கேட்கவில்லை. அவள் கண்டதெல்லாம் ஒன்றுதான். சட்டை பின்புறம் சுருங்கி உடலோடு ஒட்டியிருந்தது. வீதியின் மறுபுறத்தில் ஊர் ஆண்கள் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். எந்த உருவத்தை மறைப்பதற்காக மூன்று நாள்கள் தைத்தாளோ, அது அவள் கண்முன்னே வரைந்து வைத்தாற்போல் தெரிந்தது.

மகளின் பின்னால் வந்து நின்றாள். முதுகில் கை வைத்தாள். ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினாள். ஓதிக்கொண்டிருக்கும்போதே வலக்கை கீழே இறங்கியது. இரண்டு பின்களில் ஒன்றைத் திறந்து எடுத்தது. ஒன்று இருக்கிறதே, போதும் என்று அவள் தனக்குள் கூறிக்கொண்டாள். எடுத்ததைத் தைக்கும்போது செய்யும் பழக்கத்தின்படி தன் தலைத்துணியின் ஓரத்தில் குத்திக்கொண்டாள்.

அஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை. தாய் ஓதி ஊதும்போது அவள் எப்போதும் கண்களை மூடிக்கொள்வாள்.

*

மோட்டார் சைக்கிளில் போன கிருசிகா வழியில் மூன்று முறை நதீராவைத் தொலைபேசியில் அழைத்தார். ஒலுவிலில் திரும்பும்போது அஸ்னா நான்காவது ஆள். நிந்தவூரில் மூன்றாவது. காரைதீவு முச்சந்தியைக் கடக்கையில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக வருகின்றன என்றார். காற்றில் சட்டை ஊதி அவளைப் பின்னுக்கு இழுக்கிறது, மற்றவர்களைவிட இரண்டு பங்கு மிதிக்கிறாள் என்றும் கூறினார். எத்தனையாவது ஆள் என்பதை மட்டும் நதீரா றுமானாவிடம் கூறினாள்.

பாண்டிருப்பைத் தாண்டிவிட்டார்கள் என்று யாரோ கூறியதும் கூட்டம் வீதிக்குள் இறங்கியது. நதீரா ஒரு கடையின் படியில் ஏறி நின்றாள்.

முதலில் திருகோணமலைப் பிள்ளை ஒருத்தி தனியே வந்து கோட்டைக் கடந்தாள். அவளைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்கள் சக்கரத்தோடு சக்கரமாக வந்தன. அவற்றுள் ஒன்றின்மேல் கருநீலத் துணி கொடிபோலப் பறந்தது.

இருநூறு மீற்றர். நூற்றைம்பது. ஊரார் பெயர் சொல்லிக் கத்தினார்கள். நதீராவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

அஸ்னா தலையைத் தாழ்த்தினாள். ஆசனத்தைவிட்டு எழுந்தாள்.

அவள் எழுந்தாள், சட்டை எழவில்லை. ஒருபக்கம் தளர்ந்து தொங்கிய பின்விளிம்பு ஆசனத்தின் நுனியில் மாட்டிக்கொண்டு அவளைப் பிடித்து இழுத்தது. இடுப்பு பின்னுக்குப் போயிற்று. கைப்பிடி ஒருபக்கம் திரும்பியது. அதற்குப் பின் நடந்தது ஒரு கணம்தான். வீதியில் இரும்பு உரசும் ஓசையும், மற்றைய சைக்கிள் விலகிக் கோட்டைக் கடந்து போனதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன.

அஸ்னா கோட்டுக்கு எண்பது மீற்றருக்கு இப்பால் கிடந்தாள். வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. எழுந்து சைக்கிளை நிமிர்த்த முயன்றாள். சட்டை இன்னும் ஆசனத்தில் மாட்டியிருந்தது. அதை விடுவிப்பதற்கு அவளிடம் ஒரு கைதான் இருந்தது.

*

வைத்தியசாலையில் தாதி ஒருவர் கத்தரிக்கோலால் அந்தச் சட்டையை வெட்டி அகற்றினார். கழற்ற முயன்றால் பிள்ளைக்கு நோகும் என்றார். கத்தரி கழுத்திலிருந்து தொடங்கி, நதீரா போட்ட இரட்டைத் தையலின் ஓரமாகவே இறங்கி வந்தது. நன்றாகத் தைத்த இடங்களில் அது தயங்கித் தயங்கி நகர்ந்தது. வெட்டிய துணியை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு நதீராவின் கையில் கொடுத்தார்கள்.

காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. முழங்காலில் ஏழு தையல். இரண்டு மாதங்களுக்குச் சைக்கிளைத் தொடக் கூடாது என்று வைத்தியர் கூறினார். பயிற்சி முகாம் மூன்று வாரத்தில் தொடங்கிவிடும். ஆனால் அந்தக் கணக்கைப் போடவேண்டிய தேவை இல்லை. இரண்டாம் இடம் அந்த மற்றைய பிள்ளைக்குப் போய்விட்டது.

அஸ்னா அழவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டை பையில் கிடப்பதைக் கண்ட கிருசிகா அதை வாங்கி விரித்துப் பார்த்தார். இடப்பக்க இடுப்பில் ஒரு பின் இன்னும் இறுக்கமாக இருந்தது. வலப்பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டும் இருந்தன. அவர் அந்தத் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நதீராவை நடைபாதைக்கு அழைத்துச் சென்றார்.

"ரெண்டு பின் குத்தினன் அக்கா. ஒண்டு எங்கேயோ கழண்டு விழுந்திட்டு. நான் சரியாப் பூட்டாம விட்டிருக்கன். ஒலுவில்ல திரும்பேக்க ஒருக்கா நிப்பாட்டிப் பார்த்திருக்கலாம். இது என்ட பிழை."

நதீரா வாய் திறந்தாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல அவளுக்கு வேண்டியிருந்தது ஐந்து அல்லது ஆறு சொற்களே. தலைத்துணியின் ஓரத்தில் அந்தப் பின் குத்தியபடியே இருந்தது. அவள் கையை உயர்த்தி அதனை மூடிக்கொண்டாள்.

"நீங்க என்ன மிஸ் செய்யிற. அல்லாஹ்ட நாட்டம்," என்றாள்.

கிருசிகா அவளுடைய தோளைத் தொட்டுவிட்டு நடந்து போனார். நான்கு ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர், நடைபாதையின் முடிவில் சுவரோரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை நதீரா பார்த்தாள். பார்த்துக்கொண்டே பின்னைக் கழற்றினாள். எறிவதற்குக் குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. எறிய முடியவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

*

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். நஸ்லா சூப் நிறைந்த பிளாஸ்கோடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் றுமானா வெட்கப்பட்டு வெளியே போய்விட்டாள்.

நஸ்லா கட்டிலோரம் அமர்ந்து அஸ்னாவின் நெற்றியைத் தடவினாள். தன் வீட்டுக் கேற்றடியில் நின்றே ஓட்டத்தைப் பார்த்ததாகவும், பிள்ளை போகும்போதும் வரும்போதும் கை தட்டியதாகவும், கணவர் மீராசாஹிபு பள்ளிவாசலுக்குப் போகிறவர்களை மறித்து, அது நம்முடைய மருமகளின் தங்கை என்று கூறியதாகவும் சொன்னாள். அஸ்னா மெல்லத் தலையசைத்தாள்.

எழுந்து விடைபெறும் வேளையில் நஸ்லா நதீராவிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னத்துக்கு மச்சி புள்ளைக்கு இவ்வளவு பெரிய சட்டை? அண்டைக்கு கொடியில ஒண்டு கெடந்திச்சே. அதப் போட்டிருந்தா இப்பிடி மாட்டியிரிக்காதே."

நதீரா அவளுடைய முகத்தை உற்று நோக்கினாள். மெய்யாகவே கூறுகிறாளா, முறிந்த எலும்பைக் கண்ட இரக்கத்தினால் கூறுகிறாளா என்பது அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. அதைப் போட்டு ஓடி, வென்று, நலமாக வீடு வந்திருந்தால் இதே வாய் என்ன கூறியிருக்கும்? இனி அதை அறிய வழி இல்லை. பத்து நாள்களின் முன்னர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அறிந்திருக்கலாம். அவள் கேட்கவில்லை. நஸ்லா கிணற்றைப் பார்த்தாள். இவள் துணி வாங்கினாள்.

"யோசிக்காம செஞ்சிட்டன் மச்சி," என்று மட்டும் கூறினாள்.

நஸ்லா போன பின்னர் அஸ்னா மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"உம்மா, போனத் தாங்க. வாப்பாக்கு நானே சொல்றன். வேற யாரும் சொல்லி அவர் பயப்படக்கூடா."

பிறகு எடுத்துச் சொல்லலாம், இப்போது அவருக்கு வேலை நேரம் என்றாள் நதீரா. குரற்செய்தியாக அனுப்பினால் வேலை முடிந்ததும் கேட்டுக்கொள்வார் என்றாள் மகள். உனக்கு நோகும் என்றாள் தாய். இடது கை நோகவில்லை என்று அஸ்னா அக்கையை நீட்டினாள். மறுப்பதற்கு இன்னொரு காரணத்தை நதீரா தேடினாள். காலையிலிருந்து அத்தனையையும் செலவழித்துவிட்டிருந்தாள்.

அந்தச் செய்தியை அழித்திருக்கலாம் என்று வாசகர் எண்ணக்கூடும். வெள்ளிக்கிழமை காலையில் அவளும் அதற்கு விரல் வைத்தவள்தான். ஆனால் அது ஸஜாத்தின் குரல். ஏழு ஆண்டுகளில் அவனுடைய குரலில் ஒரு சொல்லைக்கூட அவள் அழித்ததில்லை.

தொலைபேசி கை மாறியது.

அஸ்னா பெருவிரலால் தந்தையின் பெயரைத் தொட்டாள். திரை திறந்தது. புதன்கிழமை அவள் அனுப்பிய கேள்வி மேலே இருந்தது. அதற்குக் கீழே, வியாழன் பிற்பகல் என்ற குறிப்போடு, பதில் இருந்தது.

அவள் தாயை நிமிர்ந்து பார்க்கவில்லை. அழுத்தினாள்.

நதீரா நிறுத்திவைத்த இடத்திலிருந்தே குரல் தொடங்கியது.

"...உம்மா பயப்படுவா, அது எனக்குத் தெரியும். றுமானாட விசயத்தால மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்களோ எண்டு யோசிப்பா. அதுக்கு நான் பொறுப்பு. மீராசாஹிபு மச்சானுக்கு நானே எடுத்துக் கதைக்கன். உம்மா ஓம் எண்டு ஒரு மெசேஜ் போட்டாக் காணும், நான் உடன எடுப்பன். உம்மாவோட கோவிச்சிக்காத மகள். நாளைக்கு சோத்துக்க வச்சி இத ஒனக்குப் போட்டுக் காட்டுவா. அவ ஒன்ட விசயத்தில ஒண்டையும் மறைக்கிற ஆள் இல்ல."

அவ்வளவுதான். பின்னணியில் யாரோ அவனை அழைக்கும் ஓசையோடு செய்தி முடிந்தது.

இந்தப் பாதியை நதீராவும் இப்போதுதான் கேட்டாள்.

அடுத்த கட்டிலில் இருந்த முதியவள் ஒருத்தி ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மணம் அறை முழுவதும் பரவியது. அஸ்னா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கோபமா, அழுகையா என்று பிரித்தறிய முடியாத குரலில், மிக மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து நான் ஜக்கப் பாத்துக்கிட்டே இருந்தன் உம்மா. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

'ஒனக்காகத்தான் மகள்' என்று சொல்ல நதீரா வாயெடுத்தாள். மகள் எதற்காக அலுமாரியின் கதவைச் சாத்தினாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. வாப்பா சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்றாளே. உனக்குப் பட்டதை உடு என்று அவன் சொல்லியிருந்தானே.

"பின் எப்பிடிக் கழண்ட எண்டு விளங்கல்ல," என்றாள் அஸ்னா, தனக்குத்தானே கூறுவதுபோல. "மிஸ் நல்லா இறுக்கித்தான் குத்தின. நீங்க ஓதி ஊதேக்கயும் இரிந்திச்சு."

அப்பொழுது தொலைபேசி அவளுடைய கையில் அதிரத் தொடங்கியது. ஊரில் யாரோ முந்திக்கொண்டு கட்டாருக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். திரையில் 'அஸ்னாட வாப்பா' என்ற பெயர் எரிந்தது. நதீரா பதிந்து வைத்த பெயர் அது.

அஸ்னா அதை எடுக்கவில்லை. இடக்கையை நீட்டித் தாயின் முன்னே பிடித்தாள்.

"நீங்க சொல்லுங்க."

நதீரா எழுந்து நின்றாள். இடக்கையில் வெட்டிய சட்டையின் பை தொங்கியது. வலக்கை நடைபாதையில் மூடியது மூடியபடியே இருந்தது. உள்ளங்கைக்குள் பின்னின் முனை திறந்து தோலில் இறங்கியிருந்ததை அவள் இப்போதுதான் உணர்ந்தாள். மணி நான்காம் முறையும் ஒலித்தது. தாய் ஏன் கையை நீட்டவில்லை என்று மகள் நிமிர்ந்தாள்.

அவளுடைய பார்வை தாயின் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, அந்த மூடிய கையில் வந்து நின்றது.